வானத்து எல்லைகளும் போர் விமானங்களும்: வட ஆற்காட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டங்களாக இருக்கும் பழைய வட ஆற்காட்டில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைச் சுற்று வட்டாரத்தில் 'ராணுவப்பேட்டை' என்றே சொல்கிறார்கள். அதனால் தைவானிலோ எஸ்டோனியாவிலோ காஷ்மீரிலோ போர் விமானங்கள் எல்லை தாண்டின என்று செய்தி வந்தால், இங்கே அது தொலைதேசத்துச் சங்கதியாக யாருக்கும் படுவதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் இப்பகுதி மக்கள் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, உறுதியாகத் தெரிந்த விவரங்களைக் கொண்டு இங்கே பதில் அளிக்கப்பட்டுள்ளது.

'தைவானுக்குள் சீனப் போர் விமானங்கள் நுழைந்தன' என்று அடிக்கடி செய்தி வருகிறதே, சண்டை தொடங்கிவிட்டதா?

இல்லை. அந்தச் செய்திகளில் பெரும்பாலானவை தைவானின் வான்வெளியைப் பற்றியவை அல்ல. அதைச் சூழ்ந்து வெகுதூரம் பரந்துள்ள வான் பாதுகாப்பு அடையாள மண்டலத்தைப் பற்றியவை. ஒரு நாட்டின் நிலத்துக்கு மேலேயும், கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் வரையுள்ள கடலுக்கு மேலேயும் இருப்பதுதான் அந்நாட்டின் வான்வெளி. 1944-ல் சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தம், இந்த வான்வெளியின் மீது அந்தந்த நாட்டுக்கு முழுமையான இறையாண்மை உண்டு என்று முதல் பிரிவிலேயே கூறிவிடுகிறது. இன்னொரு நாட்டின் ராணுவ விமானம் அனுமதி பெறாமல் அதற்குள் வரக்கூடாது என்பதை மூன்றாம் பிரிவு கூறுகிறது.

அந்த வான்வெளிக்குள் ராணுவ விமானம் நுழைவது அரிதாகவே நடக்கிறது, நடந்தால் பெரும் விவகாரமாகிறது. 2024 ஆகஸ்ட் 26 அன்று சீனாவின் ஒய்-9 உளவு விமானம் நாகசாகி மாகாணத்துத் தீவுகளுக்கு அருகே ஜப்பானின் வான்வெளிக்குள் ஏறக்குறைய 2 நிமிடம் இருந்தது. சீன ராணுவ விமானம் ஒன்று தன் வான்வெளியை மீறியதாக ஜப்பான் உறுதிசெய்தது அதுவே முதல் முறை. 2025 செப்டம்பர் 19 அன்று ரஷ்யாவின் 3 மிக்-31 போர் விமானங்கள் எஸ்டோனியாவின் வான்வெளிக்குள் 12 நிமிடம் பறந்ததாக அந்நாடு அறிவித்தது. அடையாள மண்டலத்துக்குள் வருவதோ தைவானைப் பொறுத்தவரை ஏறக்குறைய அன்றாட நிகழ்ச்சி.

எண்ணிக்கையைப் படிக்கும்போதும் நிதானம் வேண்டும். 2023 செப்டம்பரில் ஒரே நாளில் 103 சீன விமானங்கள் என்று உலகமெங்கும் தலைப்புச் செய்தி வந்தது. அந்த 103-ல், சீனாவுக்கும் தைவானுக்கும் இடையிலான நீரிணையின் நடுக்கோட்டைத் தாண்டியோ அடையாள மண்டலத்துக்குள்ளோ வந்தவை 40 மட்டுமே என்று தைவான் பாதுகாப்பு அமைச்சகமே குறிப்பிட்டிருந்தது. மற்றவை தீவைச் சுற்றியுள்ள பகுதியில் ரேடாரில் தென்பட்டவை.

இந்த அடையாள மண்டலத்தை வகுத்தது யார்? அதற்குச் சட்டம் உண்டா?

முதன்முதலில் இதை அமைத்தது அமெரிக்கா, 1950-ல். சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் கரையை நெருங்கிய பின் கண்டுபிடித்தால் காலம் கடந்துவிடும் என்ற அச்சமே காரணம். கரையிலிருந்து வெகுதூரத்திலேயே, வரும் விமானம் எது, எங்கே போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு அது. அதற்குப் பிறகு பல நாடுகள் தத்தமக்கு ஒன்றை வகுத்துக்கொண்டன. இந்த மண்டலங்களை ஏற்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம் எதுவும் கிடையாது, அதே சமயம் இவற்றைத் தடைசெய்யும் ஒப்பந்தமும் கிடையாது. மண்டலத்தின் பெரும்பகுதி பொதுக்கடலுக்கு மேலே இருக்கிறது. அங்கே பறப்பது எந்த நாட்டுக்கும் உள்ள உரிமை.

தைவானின் மண்டலம் அமெரிக்கர்களால் 1950-களில் வரையப்பட்டது. அதன் ஒரு பகுதி நீரிணையைத் தாண்டிச் சீன நிலப்பரப்பின் மேலேயே கிடக்கிறது. சீனா 2013 நவம்பர் 23 அன்று கிழக்குச் சீனக் கடலில் தனக்கென ஒரு மண்டலத்தை அறிவித்தது. அது ஜப்பானின் மண்டலத்தோடும் தென்கொரியாவின் மண்டலத்தோடும் மோதிக்கொண்டது. மூன்றே நாளில் அமெரிக்கா தன் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் இரண்டை, சீனாவுக்குத் தகவல் சொல்லாமலேயே, அதன் ஊடாக அனுப்பியது. ஒருவர் போட்ட கோட்டை மற்றவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அந்தக் கோடே சச்சரவுக்குக் காரணமாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்தியாவுக்கும் இத்தகைய மண்டலங்கள் உண்டு. அவற்றில் பறக்கும் சிவில் விமானங்கள் முன்கூட்டியே வான் பாதுகாப்பு அனுமதி எண் பெற வேண்டும் என்பது இங்குள்ள நடைமுறை.

தைவான் நீரிணையின் 'நடுக்கோடு' என்பது என்ன?

சீனாவுக்கும் தைவானுக்கும் இடையிலான கடலை ஏறக்குறைய இரண்டாகப் பிரிக்கும், வரைபடத்தில் மட்டுமே உள்ள கோடு. 1950-களின் நடுப்பகுதியில் அமெரிக்க விமானப்படைத் தளபதி பெஞ்சமின் டேவிஸ் வகுத்ததாகச் சொல்லப்படுவதால் டேவிஸ் கோடு என்ற பெயரும் அதற்கு உண்டு. எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாத அந்தக் கோட்டைப் பல பத்தாண்டுகள் இரு தரப்பு விமானங்களும் பெரும்பாலும் மதித்து வந்தன. 2020 செப்டம்பரில், அப்படியொரு நடுக்கோடே இல்லை என்று சீன வெளியுறவு அமைச்சகம் கூறியது. 2022 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் அவைத்தலைவர் நான்சி பெலோசி தைவான் தலைநகர் தைபே வந்து சென்றதை அடுத்து, கோட்டைத் தாண்டுவது வாடிக்கையாயிற்று.

இந்தக் கோட்டின் அருமை தொலைவைக் கணக்கிட்டால் புரியும். நீரிணை மிகக் குறுகிய இடத்தில் ஏறக்குறைய 130 கிலோமீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து தைவான் கரை அங்கே 65 கிலோமீட்டர்தான். நம் ஊர் அளவில் சொன்னால் காட்பாடிச் சந்திப்பிலிருந்து அரக்கோணம் போகும் தூரத்தைவிடச் சற்றே அதிகம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும் போர் விமானத்துக்கு அது நான்கு நிமிடச் சொச்சம். கரையை ஒட்டிய 22 கிலோமீட்டர் வான்வெளியைக் கடக்க ஒன்றரை நிமிடம் போதும். அந்த நான்கு நிமிடத்துக்குள் ரேடார் முன் இருப்பவர் பார்த்து, மேலதிகாரிக்குச் சொல்லி, அவர் முடிவெடுத்து, உத்தரவு கீழே வந்து சேர வேண்டும். நடுக்கோட்டை மதித்தவரை, நிதானிப்பதற்குச் சிறிது நேரம் கிடைத்தது. இப்போது அது குறைந்துகொண்டே போகிறது என்பதுதான் இந்த விவகாரத்தில் மிகவும் கவலைக்குரியது.

சுடுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. பிறகு எதற்காகத் தினமும் விமானங்களை அனுப்ப வேண்டும்?

காரணங்கள் பல. முதலாவது, அரசியல் செய்தி. தைவான் அதிபர் வெளிநாடு போனாலோ, அமெரிக்க விருந்தினர் தைபே வந்தாலோ, தேசிய நாள் உரையில் பெய்ஜிங்குக்குப் பிடிக்காத வாசகம் இருந்தாலோ விமானங்களின் எண்ணிக்கை உயர்வதைக் காணலாம். 2024 அக்டோபர் 10 அன்று அதிபர் லாய் சிங்-டே ஆற்றிய உரைக்குப் பின், அக்டோபர் 14 அன்று சீனா நடத்திய ஒருநாள் போர்ப் பயிற்சியில் 153 விமானங்கள் பங்கேற்றன. அவற்றுள் 111 நடுக்கோட்டைத் தாண்டின. இரண்டாவது, பயிற்சி: தைவானின் தென்மேற்குக் கடலிலும், தைவானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் இடையிலுள்ள பாஷி கால்வாயிலும் பறந்து பழகிய விமானிக்கு அந்த வானம் அந்நியமாக இருக்காது.

மூன்றாவது காரணத்தை நம் ஊடகங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை, ஆனால் அதுவே மிக முக்கியமானது என்று கருத இடமுண்டு. எதிராளியைச் சுடாமலேயே களைக்கச் செய்வதுதான் அது. ஒவ்வொரு முறையும் தைவான் தன் போர் விமானத்தை எழுப்பினால் எரிபொருள் செலவாகிறது, இயந்திரத்தின் ஆயுள் குறைகிறது, பராமரிப்பாளர்களும் விமானிகளும் ஓய்வின்றிச் சோர்கிறார்கள். எண்ணிக்கையில் பன்மடங்கு பெரிய விமானப்படைக்கு இது பொருட்டல்ல, சிறிய படைக்குத் தாங்காது. 2020-ல் இப்படி விமானங்களை எழுப்புவதற்கு மட்டும் அவ்வாண்டு ஏறக்குறைய 90 கோடி டாலர் செலவாகியிருப்பதாகத் தைவான் பாதுகாப்பு அமைச்சர் அக்டோபரில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். தாங்க முடியாமல், ஒவ்வொரு முறையும் விமானம் அனுப்பாமல் தரையிலுள்ள ஏவுகணை ரேடார்கள் மூலம் பின்தொடர்வதாக 2021-ல் அந்நாடு வழிமுறையை மாற்றிக்கொண்டது. அடையாள மண்டலத்துக்குள் வந்த விமானங்கள் 2020-ல் ஏறக்குறைய 380, 2022-ல் 1,700-க்கு மேல், 2024-ல் 3,000-க்கு மேல் என்று பெருகின.

இதனால் விளையும் இன்னொரு தீங்கு, பழகிப்போவது. தினமும் வருகிறார்கள், தினமும் திரும்புகிறார்கள் என்று காவலில் இருப்பவரின் மனம் பழகிவிட்டால், திரும்பாமல் வரப்போகும் நாளை மற்ற நாட்களிலிருந்து பிரித்தறிவது எப்படி? தைவான் 2020 செப்டம்பரிலிருந்து விவரங்களை அன்றாடம் வெளியிடுவதற்கு, மக்களும் உலகமும் பழகிப்போய்விடக் கூடாது என்பதும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

அந்நிய விமானத்தை வானத்தில் இடைமறிப்பது எப்படி நடக்கிறது?

ரேடார் திரையில் அறிமுகமில்லாத புள்ளி தோன்றியதும், அது தன் அடையாள எண்ணை டிரான்ஸ்பாண்டர் கருவி மூலம் அனுப்புகிறதா, அதற்குரிய பயணத் திட்டம் பதிவாகியுள்ளதா என்று முதலில் பார்ப்பார்கள். அண்டை நாட்டு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தைக் கேட்பார்கள். அடுத்து 121.5 மெகாஹெர்ட்ஸ் என்ற பன்னாட்டு அவசர அலைவரிசையில் அந்த விமானத்தை அழைப்பார்கள். பதில் இல்லையென்றால், ஆயுதம் பொருத்தி ஆயத்த நிலையில் நிறுத்தப்பட்டிருக்கும் போர் விமானங்கள் சில நிமிடங்களில் மேலெழும்.

அவை நேருக்கு நேர் பாய்வதில்லை. பின்பக்கமாக அணுகி, சற்று மேலாகவும் முன்பாகவும், வழக்கமாக இடது புறத்தில் வந்து நிற்கும், ஏனென்றால் விமானத்தின் தலைமை விமானி உட்காருவது இடது இருக்கையில். அவர் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். பிறகு போர் விமானம் இறக்கைகளை இருபுறமும் ஆட்டும், இரவானால் விளக்குகளையும் விட்டுவிட்டு எரிக்கும். 'நீ இடைமறிக்கப்பட்டாய், என்னைப் பின்தொடர்' என்று அதற்குப் பொருள். மறிக்கப்பட்ட விமானமும் பதிலுக்கு இறக்கைகளை ஆட்டிவிட்டுப் பின்தொடர வேண்டும். போர் விமானம் சக்கரங்களை இறக்கிக்கொண்டு ஓடுபாதையைச் சுற்றினால் அங்கே இறங்கு என்று அர்த்தம். குறுக்கே செல்லாமல் சட்டென்று மேலேறித் திரும்பி விலகினால், உன் வழியே போகலாம் என்று அர்த்தம். வானொலி வேலை செய்யாவிட்டாலும், ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாவிட்டாலும் உயிர் காப்பதற்காக உருவாக்கப்பட்ட சைகைகள் இவை.

எதிரெதிர் நாடுகளின் ராணுவ விமானங்கள் சந்திக்கும்போது இந்த ஒழுங்கு எப்போதும் இருப்பதில்லை. 2001 ஏப்ரல் 1 அன்று ஹைனான் தீவுக்கு அருகே அமெரிக்காவின் இ.பி-3 உளவு விமானத்தை மிக நெருங்கிப் பறந்த சீனாவின் ஜே-8 போர் விமானம் அதன்மீது மோதியது. சீன விமானி வாங் வெய் உயிரிழந்தார். சேதமடைந்த அமெரிக்க விமானம் அனுமதியின்றி ஹைனானில் இறங்க, அதிலிருந்த 24 பேரும் 11 நாள் தடுத்து வைக்கப்பட்டனர். அன்று இரு தரப்பிலும் யாரும் சுடவில்லை. நெருக்கமே உயிரைக் குடித்தது.

எல்லை தாண்டிய விமானத்தை உண்மையிலேயே சுட்டு வீழ்த்தியது உண்டா?

உண்டு. நம் நாட்டின் நிகழ்ச்சியையே முதலில் சொல்லலாம். 1991-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, போர் விமானங்களும் உளவு விமானங்களும் மற்றவரின் வான்வெளியை 10 கிலோமீட்டருக்குள் நெருங்கக்கூடாது. 1999 ஆகஸ்ட் 10 அன்று, கார்கில் போர் ஓய்ந்து சில வாரங்களே ஆன நிலையில், பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் ரோந்து விமானம் கட்ச் பகுதியில் இந்திய மிக்-21 விமானத்தால் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 16 பேரும் இறந்தனர். அது நம் வான்வெளிக்குள் வந்தது என்றது இந்தியா, தன் எல்லைக்குள்தான் இருந்தது என்றது பாகிஸ்தான். வழக்கு ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2000 ஜூன் 21 அன்று, இதை விசாரிக்கும் அதிகார வரம்பு தனக்கு இல்லை என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எது உண்மை என்று எந்த மன்றமும் கூறாமலேயே அந்த விவகாரம் முடிந்தது.

துருக்கி 2015 நவம்பர் 24 அன்று ரஷ்யாவின் சு-24 விமானத்தை வீழ்த்தியது. அது தன் வான்வெளிக்குள் 17 விநாடி இருந்ததாகவும், அதற்கு முன் 5 நிமிடத்தில் 10 முறை எச்சரித்ததாகவும் துருக்கி கூறியது. தன் விமானம் சிரியாவின் வான்வெளியை விட்டு வெளியே வரவே இல்லை என்றது ரஷ்யா. விமானி ஒருவரும், மற்றவரை மீட்கப் போன வீரர் ஒருவரும் உயிரிழந்தனர். பிறகு ரஷ்யா துருக்கியின் காய்கனிகளை வாங்க மறுத்து, சுற்றுலா விமானங்களையும் நிறுத்தியது. 17 விநாடிக்குக் காய்கறி விவசாயியும் விடுதி ஊழியரும் மாதக்கணக்கில் விலை கொடுத்தார்கள்.

என் மகன் வளைகுடாவில் வேலை செய்கிறான். பயணிகள் விமானத்துக்கு இதனால் ஆபத்து உண்டா?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக் குடும்பங்கள் இதைத்தான் முதலில் கேட்கின்றன, அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. 1983 செப்டம்பர் 1 அன்று, வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் போன கொரியப் பயணிகள் விமானம் சக்கலின் தீவருகே வீழ்த்தப்பட்டு 269 பேர் மடிந்தனர். அதன் விளைவாக, பறந்துகொண்டிருக்கும் சிவில் விமானத்தின் மீது ஆயுதம் பயன்படுத்தக்கூடாது என்ற தனிப் பிரிவு 1984-ல் சிகாகோ ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டது. இன்று நம் கைபேசியில் வழி காட்டும் ஜி.பி.எஸ். வசதியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதாக அமெரிக்கா அறிவித்ததும் அந்தத் துயரத்தை அடுத்துத்தான்.

சட்டம் வந்தும் உயிர்ச்சேதம் நிற்கவில்லை. 2014 ஜூலை 17 அன்று உக்ரைன் வானில் மலேசிய விமானத்தில் 298 பேர், 2020 ஜனவரி 8 அன்று டெஹ்ரானில் உக்ரைன் விமானத்தில் 176 பேர் ஏவுகணைக்குப் பலியானார்கள். டெஹ்ரானில் நடந்ததைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஈராக்கிலுள்ள அமெரிக்கத் தளங்கள்மீது ஈரான் ஏவுகணை வீசிச் சில மணி நேரமே ஆகியிருந்தது. பதிலடி வரும் என்று ஈரானின் வான் பாதுகாப்புப் படை துடித்துக்கொண்டிருந்த நேரத்தில் விமான நிலையம் மூடப்படவில்லை. புறப்பட்டுச் சில நிமிடமே ஆன பயணிகள் விமானத்தை எதிரியின் ஏவுகணை என்று எண்ணிச் சுட்டதாக ஈரானே பின்னர் ஒப்புக்கொண்டது.

ஆகவே பதற்றம் மிகும்போது வான்வெளியை உடனே மூடுவதுதான் பயணிகளுக்குப் பாதுகாப்பு. விமானம் ரத்தாவதும் சுற்றுவழியில் போவதும் எரிச்சல் தரலாம், டிக்கெட் விலையும் கூடலாம். 2019-ல் பாகிஸ்தான் பிப்ரவரி 27 முதல் ஜூலை 16 வரை வான்வெளியை மூடியபோது ஏர் இந்தியாவுக்கு மட்டும் ஜூலைத் தொடக்கம் வரை 491 கோடி ரூபாய் இழப்பு ஏற்பட்டதாக அரசு தெரிவித்தது. உயிரோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை அல்ல. பயணம் செய்பவர்கள், புறப்படும் முன் விமான நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது போதும்.

2019-ல் அபிநந்தன் பிடிபட்டபோது நடந்தது என்ன? அவர் நம் பக்கத்துக்காரர் என்கிறார்களே?

அப்போது விமானப்படையில் விங் கமாண்டராக இருந்த அபிநந்தன் வர்தமானின் பூர்வீகம், பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த, இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள திருப்பனமூர். தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர் அது. அவருடைய தந்தையும் விமானப்படையில் ஏர் மார்ஷலாக இருந்தவர்.

புல்வாமாவில் 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் கொல்லப்பட்டதை அடுத்து, 2019 பிப்ரவரி 26 அன்று இந்திய விமானங்கள் பாகிஸ்தானின் பாலாகோட்டில் தாக்கின. மறுநாள் பாகிஸ்தான் விமானங்கள் ஜம்மு காஷ்மீர்ப் பக்கம் வந்தன. அந்த வான் மோதலில் அபிநந்தனின் மிக்-21 வீழ்ந்து அவர் பிடிபட்டார். மார்ச் 1 அன்று அட்டாரி-வாகா எல்லை வழியே திரும்பினார். அந்த இரண்டு மூன்று நாட்கள் திருப்பனமூரில் மட்டுமா, தமிழ்நாடு முழுவதுமே வேண்டுதலோடு காத்திருந்தது.

அதே பிப்ரவரி 27 காலையில் நடந்த வேறொன்றையும் மறந்துவிடக் கூடாது. காஷ்மீரின் பட்காமில் நம் விமானப்படையின் எம்.ஐ-17 ஹெலிகாப்டர், நம் ஏவுகணையாலேயே வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 6 வீரர்களும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். அது பெரும் தவறு என்று விமானப்படைத் தளபதி பதௌரியா அவ்வாண்டு அக்டோபரில் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். பயிற்சி பெற்ற, பொறுப்புள்ள படையிலும் பதற்றமான நிமிடங்களில் தன் விமானம் எது, எதிரி விமானம் எது என்று தெரியாமல் போகலாம். அந்த 7 குடும்பங்களின் இழப்பும் அபிநந்தனின் மீட்சியோடு சேர்த்து நினைக்கப்பட வேண்டியது.

சீன எல்லையிலும் இப்படி விதி உண்டா?

உண்டு. 1996 நவம்பரில் இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, போர் விமானங்கள் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் பறக்கக்கூடாது. அந்தக் கோடு எங்கே போகிறது என்பதிலேயே இரு நாடுகளுக்கும் பல இடங்களில் கருத்து வேறுபாடு இருப்பதால், எங்கிருந்து 10 கிலோமீட்டர் என்பதும் தகராறாகிவிடுகிறது.

ஐரோப்பாவில் டிரோன்கள் நுழைவதும் இதே போன்றதுதானா?

நோக்கம் ஒன்றாக இருக்கலாம், கையாள்வது வேறு. 2025 செப்டம்பர் 9 இரவும் 10 அதிகாலையும் ஏறக்குறைய 20 ரஷ்ய டிரோன்கள் போலந்துக்குள் வந்தன. போலந்து அங்கம் வகிக்கும் நேட்டோ ராணுவக் கூட்டணியின் விமானங்கள் அவற்றில் சிலவற்றைச் சுட்டு வீழ்த்தின. போலந்து நேட்டோ ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவின் கீழ்க் கலந்தாலோசனை கோரியது. டிரோனில் விமானி இல்லாததால் இறக்கை ஆட்டிச் சைகை செய்ய முடியாது, கண்ணால் பார்த்துப் பேச முடியாது. மலிவான டிரோனை வீழ்த்த விலை மிகுந்த ஏவுகணையைச் செலவிட வேண்டியிருக்கிறது. உயிர்ப்பலி இல்லை என்பதால் அனுப்புகிறவருக்குத் துணிச்சலும் கூடிவிடுகிறது.

அரக்கோணம் கடற்படைத் தளத்தில் விமானங்கள் அதிகம் பறந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று பொருளா?

அப்படி முடிவு கட்ட வேண்டாம். அரக்கோணத்திலுள்ள ஐ.என்.எஸ். ராஜாளி 1992 மார்ச் 11 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனால் தொடங்கி வைக்கப்பட்டது. ஆசியாவின் நீளமான ராணுவ ஓடுபாதைகளுள் ஒன்று அங்கே உள்ளது. முன்பு ரஷ்யாவின் டி.யு-142 விமானங்கள் அங்கிருந்து பறந்தன, அவை 2017-ல் ஓய்வு பெற்றன. 2013 முதல் பி-8ஐ கடல் ரோந்து விமானங்கள் அங்கே இருக்கின்றன. வங்கக் கடலையும் இந்தியப் பெருங்கடலையும் கண்காணிப்பது, நீர்மூழ்கிகளைத் தேடுவது அவற்றின் அன்றாட வேலை. லடாக்கில் சீனாவோடு பதற்றம் நிலவிய 2020-ல் மலையெல்லையைக் கண்காணிக்கவும் இவ்வகை விமானங்கள் பயன்பட்டன. ஹெலிகாப்டர் விமானிகளுக்கான பயிற்சிப் பள்ளியும் அங்கேயே இருப்பதால், தாழப் பறக்கும் ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் பயிற்சிக்காகப் பறப்பவை.

சென்னை வெள்ளத்தில் மூழ்கி மீனம்பாக்கம் மூடப்பட்ட 2015 டிசம்பரில், பயணிகள் விமானங்கள் இறங்கி ஏறியது இந்தத் தளத்தில்தான் என்பது பலருக்கு நினைவிருக்கும். தளத்தைச் சுற்றி வாழ்பவர்கள் விமானங்களைப் படமெடுத்து நேரத்தோடு சமூக ஊடகங்களில் போடுவதைத் தவிர்க்க வேண்டும். திருமண வீடுகளில் டிரோன் பறக்கவிடுபவர்கள், தளத்தைச் சுற்றி அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தைவானில் சண்டை வந்தால் நம் ஊர்த் தொழிலுக்கு என்ன ஆகும்?

செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமத்தைச் சேர்ந்த காலணித் தொழிற்சாலை பல ஆண்டுகளாக இயங்குகிறது. விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துக்காகச் சாலையோரம் சோற்று டப்பாவோடு நிற்கும் பெண்களில் பலர் அங்கே வேலை செய்பவர்கள். ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்திலும் ஹாங் ஃபு என்ற தைவான் நிறுவனம் பெரும் முதலீட்டில் காலணித் தொழிற்சாலை அமைக்க வந்துள்ளது. இங்குள்ள பல ஆயிரம் வீடுகளின் அடுப்பு எரிவது தைவானில் அமைதி நிலவுவதைப் பொறுத்திருக்கிறது என்பது மிகைப்பேச்சு அல்ல.

உலகின் மிக நுண்ணிய சிப்களில் பெரும்பகுதி தைவானில் தயாராவதால் கைபேசி முதல் கார் வரை தட்டுப்பாடு வரும். கப்பல்கள் சுற்றுவழியில் போனால் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஏற்றுமதிக்குச் சரக்குக் கட்டணம் உயரும். செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய 2023 இறுதியிலிருந்து ஏற்றுமதியாளர்கள் இதை ஏற்கெனவே கண்டவர்கள்.

பிள்ளை எல்லையில் இருக்கிறான். பதற்றமான நாட்களில் குடும்பத்தார் என்ன செய்யலாம்?

முதலில், அவன் தொலைபேசி எடுக்கவில்லை என்றால் ஆபத்து என்று எண்ண வேண்டாம். அத்தகைய நாட்களில் கைபேசியைப் பயன்படுத்த அனுமதி இராது. அவன் எந்த இடத்தில் இருக்கிறான், எந்தப் படைப்பிரிவு, எப்போது கிளம்பினான் என்பதை வாட்ஸ்அப் குழுக்களில் எழுதக்கூடாது, பெருமையாக நிலைத்தகவல் வைப்பதும் கூடாது. செய்தி தேவைப்பட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்தபோது, கணினி விளையாட்டில் எடுத்த காட்சிகளை உண்மையான வான் சண்டை என்று பரப்பினார்கள். அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு அவற்றை மறுக்க வேண்டியதாயிற்று. ஒரு தாய் அந்தக் காட்சியைப் பார்த்து இரவெல்லாம் தூங்காமல் கிடப்பதைப் பரப்பியவர் நினைத்துப் பார்ப்பதில்லை. படைகளின் நகர்வை நேரலையில் காட்ட வேண்டாம் என்று தொலைக்காட்சிகளுக்கும் அரசு ஏப்ரல் 26 அன்றே அறிவுறுத்தியிருந்தது.

தவறுதலாக ஏதாவது நடந்துவிட்டால் அதை நிறுத்த வழி உண்டா?

இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே உண்டு. ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர்கள் இருவருக்கும் நேரடித் தொலைபேசி இணைப்பு இருக்கிறது. 2025 மே 10 அன்று பிற்பகல் 3.35 மணிக்குப் பாகிஸ்தான் அதிகாரி நம் அதிகாரியை அழைத்துப் பேசினார், மாலை 5 மணி முதல் தாக்குதலை நிறுத்த இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அத்தகைய இணைப்பு இருந்தும் தாமதம் நேர்வது உண்டு. 2022 மார்ச் 9 அன்று இந்திய ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானுக்குள் 124 கிலோமீட்டர் போய் மியான் சன்னு அருகே விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. தவறை ஒப்புக்கொண்ட இந்தியாவின் அறிக்கை மார்ச் 11 அன்று வந்தது. அதற்குப் பொறுப்பான மூன்று அதிகாரிகள் பின்னர் பணி நீக்கம் செய்யப்பட்டனர். அன்று எதிர்த்தரப்பு பதில் ஏவுகணை அனுப்பாமல் நிதானித்தது நம் இரு நாட்டு மக்களுக்கும் கிடைத்த பெரும்பேறு.

அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையே இந்த இணைப்பு அவ்வப்போது அறுந்துபோகிறது. பெலோசி வந்து போனதும் 2022 ஆகஸ்டில் ராணுவப் பேச்சுகளைச் சீனா நிறுத்தியது. 2023 பிப்ரவரி 4 அன்று தன் வானில் பறந்துவந்த சீன பலூனை அமெரிக்கா சுட்டு வீழ்த்தியதும் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் பேச விரும்பியபோது, சீனத் தரப்பு அழைப்பை ஏற்கவில்லை. பேச்சுகளை மீண்டும் தொடங்க அவ்வாண்டு நவம்பரில்தான் இரு அதிபர்களும் ஒப்புக்கொண்டார்கள். தைபேக்கும் பெய்ஜிங்குக்கும் இடையிலான நிலைமை இதைவிட மோசம். நீரிணை விவகாரங்களைக் கவனிக்கும் இரு தரப்பு அரசு அலுவலகங்களுக்கும் இடையே நேரடித் தொலைபேசி 2015 டிசம்பரில் திறக்கப்பட்டது. சாய் இங்-வென் தைவான் அதிபரானதை அடுத்து, 2016 ஜூனில் அதிகாரபூர்வத் தொடர்பையே பெய்ஜிங் நிறுத்திவிட்டது. விமானங்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பெருகியது அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான்.